வாய்க்கு வந்த பிறகு கைக்கு



ஒரு வித்தை மனிதருக்கு எப்படிப் படிகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். எனக்குத் தெரிந்த வழி அதுதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் பாடம் 'தா தி தொம் நம்'. நாலே சொல். அதையும் முதலில் வாயால்தான் சொல்ல வைப்போம். கை தாளம் போடும், வாய் சொல்லும். பெற்றோர் சிலருக்கு இது பொறுக்காது. "சார், பையன் எப்போ வாசிக்க ஆரம்பிப்பான்?" என்று கேட்பார்கள். வாய்க்கு வராத சொல் கைக்கு வராதம்மா, கொஞ்சம் பொறுங்கள் என்பேன்.

என் வகுப்புக்கு ஒரு சிறுமி வருவாள். கற்றுக்கொள்ள வந்தவன் அவளுடைய அண்ணன். அம்மா வந்து கூட்டிப்போகும்வரை இவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அண்ணன் பாதிப் பாடத்தில் தடுமாறி நின்றான். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மீதிச் சொல்லை முழுக்கச் சொல்லி முடித்தாள், தாளம் பிசகாமல்! அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. காதில் விழுந்துகொண்டே இருந்தது, தங்கிவிட்டது. பிறகு அவளையும் வாத்தியத்தின் முன் உட்கார வைத்தேன். விரல் பழக மற்றவர்களுக்கு ஆகும் காலம் அவளுக்கும் ஆனது. ஆனால் சொல் தப்பும்போது அவளே நிறுத்தித் திரும்ப எடுப்பாள். சரியான ஒலி எதுவென்று காதுக்குத் தெரிந்துவிட்டால், வீட்டில் சாதகம் செய்யும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த 'நம்' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் கறுப்பு வட்டமாக இருக்கிறதே, அதைச் சோறு என்போம். மோதிர விரல் அதன் ஓரத்தை லேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழ வேண்டும். மோதிர விரல் கொஞ்சம் அழுந்தினால் நாதம் அடங்கிவிடும். எடுத்துவிட்டால் ஒலி சிதறும். எவ்வளவு தொட வேண்டும் என்று வார்த்தையில் சொல்ல என்னால் முடியாது. நான் வாசிப்பேன், பிள்ளை வாசிப்பான், இருவரும் கேட்போம். ஏதோ ஒரு நாள் கணீரென்று மணி அடித்ததுபோல எழும். அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! அன்றைக்கு வேறு பாடமே எடுக்க மாட்டேன். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அதிலேயே நிறுத்திவைப்பேன்.

இன்னொன்று, மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றச் சொல்லும் பெற்றோரிடம் அவர் பெயரைத்தான் சொல்வேன். கை எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே பழகட்டும்.

வித்தை படிவதில் உறக்கத்துக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் அமெரிக்காவில் மாத்யூ வாக்கர் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விசைகளை ஒரே வரிசையில் விரலால் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 விழுக்காடு வேகமாகத் தட்டினார்கள். இடையில் கூடுதல் பயிற்சி எதுவும் இல்லை. வேகமான மூன்றாம் காலம் வராமல் இரவில் அழுகிற பிள்ளையை அடுத்த நாள் வா என்று அனுப்பிவைக்கும் வாத்தியார்கள் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

வித்தை பழகுவதை உளவியலார் ஃபிட்ஸும் போஸ்னரும் 1967இல் மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள்: யோசித்து யோசித்துச் செய்வது, பிழை குறைந்து கோவையாவது, கடைசியில் யோசிக்காமலே நடப்பது. நான் பார்த்தவரை, அந்த முதல் கட்டத்தில்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். காரணம் பெரும்பாலும் பிள்ளை அல்ல, சுற்றி இருப்பவர்களின் அவசரம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது வீணையோ தையலோ நீச்சலோ பழக ஆரம்பித்திருந்தால், வந்த விருந்தினர் முன்னால் நிறுத்தி "எங்கே, செய்து காட்டு" என்று முதல் சில மாதங்களுக்குக் கேட்காதீர்கள். நன்றாகச் செய்கிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் கேட்கவும் அழைத்துப்போங்கள்.