கம்ப்யூட்டரை அப்படியே புது டிஸ்க்குக்கு மாற்றுவது எப்படி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டு ஒரு காபி குடித்து வந்தாலும் அது தயாராவதில்லை என்று செயலாளர் சார் சொன்னார். பராமரிப்புக் கட்டணக் கணக்கு, தண்ணீர் லாரி ரசீது, நம் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. புது கம்ப்யூட்டர் வேண்டாம், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் போதும் என்றேன். "அப்போ உள்ளே இருக்கிறதெல்லாம்?" என்றார். நியாயமான கேள்வி.

பென் டிரைவில் இழுத்துப் போட்டால் ஃபைல்கள் வரும். விண்டோஸ் வராது, கணக்கு சாஃப்ட்வேர் வராது, கம்ப்யூட்டரைத் துவக்கும் மறைவான பகுதியும் வராது. எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி புது டிஸ்க்கில் எழுதுவதற்குக் குளோன் என்று பெயர். குளோன்சில்லா என்ற இலவச சாஃப்ட்வேரே இதற்குப் போதும்.

அளவைப் பார்த்து வாங்குங்கள். 500 ஜி.பி. டிஸ்க்குக்கு மாற்றாக, விலை குறைவு என்று 480 ஜி.பி. வாங்கி வந்தேன். உள்ளே 120 ஜி.பி.தானே இருக்கிறது என்று நினைப்பு. குளோன்சில்லா ஏற்கவில்லை. புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதிவையுங்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எதிலிருந்து எதற்கு என்று அது கேட்கும். என்னுடைய இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ராத்திரி பதினோரு மணி, தூக்கக் கலக்கம். திசையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறிவிட்டது. குமராட்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பா பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன், நாற்பது நிமிடம். அவர் போய் அப்போது ஒரு வருடம். அழித்த ஃபைலை மீட்க வழி உண்டு. மேலே வேறொன்று எழுதிவிட்டால் யாராலும் முடியாது. இப்போதெல்லாம் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தைக் குறித்துக்கொண்டு, திரையில் அதைப் பார்த்த பிறகுதான் எண்டர் தட்டுகிறேன். பகலில்தான் செய்கிறேன்.

நொடிக்கு 100 எம்.பி. வேகம் என்றால் 500 ஜி.பி. முழுவதற்கும் சுமார் 83 நிமிடம். பழைய யு.எஸ்.பி. 2.0 ஓட்டையில் செருகினால் நான்கு மணி நேரம் ஆகும். நீல நிற ஓட்டை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நடுவில் கரண்ட் போனால் புது டிஸ்க்தான் அரைகுறையாக நிற்கும், மறுபடி செய்யலாம். பழைய டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் குளோனுக்குப் போகாதீர்கள், முக்கியமான ஃபைல்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, புதியது மட்டும் இருக்கும்போது கம்ப்யூட்டர் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தாலும் பழையதை உடனே அழிக்க வேண்டாம். தேதி எழுதி ஒட்டி இரண்டு மாதம் வையுங்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த விஷயம். குமராட்சிக்குப் பக்கத்துத் திருநாரையூர்க்காரர் நம்பியாண்டார் நம்பி. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளில் கரையான் தின்றது போக மிஞ்சியதைத்தான் அவரும் சோழ மன்னரும் மீட்டார்கள் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. எல்லாம் ஒரே அறையில் இருந்திருக்கிறது. நம் சங்க அறையோ தரைத்தளத்தில். 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. ஆகவே பழைய டிஸ்க் மூன்றாம் மாடியில் பொருளாளர் வீட்டு பீரோவுக்குப் போகிறது, அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஞாயிறு காலை 10 மணிக்கு சங்கக் கம்ப்யூட்டரில் இதைச் செய்கிறோம். உங்கள் வீட்டு லேப்டாப்புக்கும் செய்ய நினைப்பவர்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள். எண்டர் தட்டும் முன் சீரியல் எண்ணை உரக்கப் படிக்க எனக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.