தலைமாடு உயரட்டும்
கப்பல்துறையில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலைக்கு ஓடுவோம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் உயிரைப் பிடித்து நிறுத்தும். ஆனால் தொண்டைக்குள் அதன் குழாய் இருக்கும்வரை நோயாளியால் இருமிச் சளியைத் துப்ப முடியாது. வாயில் ஊறும் எச்சில் குழாயைச் சுற்றித் தேங்கி, கிருமியோடு சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் கசியும். குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்தபின் வரும் நியூமோனியாவுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி.

தடுக்கும் வேலை பார்வைக்குச் சின்னது. கட்டிலின் தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பார்கள், பல் துலக்கிவிடுவார்கள், குழாயை இன்றே எடுக்கலாமா என்று நாள்தோறும் பார்ப்பார்கள். இரவு முழுக்க இதைக் கவனிக்கும் தாதியரை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

பார்க்கப் போகிறவர்களே, சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிட்டுக் கட்டிலருகே போங்கள். தலைமாட்டை நீங்களாகத் தாழ்த்திவிடாதீர்கள்.