விடிலிப் புகையில் மறைந்த உழைப்பு



பனையேறி உச்சிக்கு ஏறுவதை ஊர் காண்கின்றது. அவன் இறக்கிய பதநீரைக் கருப்பட்டியாக்கும் பெண்ணை ஊர் காண்பதில்லை. அவள் விடிலிக்குள் புகை சூழ நிற்கின்றாள்.

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பகுதியை எண்ணிப் பாருங்கள். மழை குறைந்த மணல்நிலம் அது. அங்குக் குடிகளை நிலைநிறுத்தியது பனையே. பதநீர் புளியாதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவர். பெண் அதனைப் பன்னாடையால் வடித்துக் கொப்பரையில் ஊற்றி, ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுகின்றாள். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை இடித்து இடுகின்றாள். பதநீரில் இனிப்பு நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கே. எஞ்சிய நீர் ஆவியாக வேண்டும். பாகின் பதத்தை அவள் கண்ணும் கையுமே அறியும். முந்தினால் இறுகாது, பிந்தினால் தீய்ந்து கைக்கும். பதம் வந்ததும் சிரட்டைகளில் வார்க்கின்றாள்.

இவ்வுழைப்புக்குக் கூலி என்ன? வீட்டுவேலை என்று தள்ளிவிட்டனர்! பருவத்திற்கு முன்பே வணிகரிடம் முன்பணம் பெற்ற குடும்பம், அவர் சொன்ன விலைக்கே சரக்கை ஒப்படைக்கின்றது. சீனியைக் கலந்து வார்த்த போலியோ கருப்பட்டியென்னும் பெயரிலேயே மலிவாக விற்கின்றது. மெய்யாகக் காய்ச்சியவள் கையறு நிலையில் நிற்கின்றாள்.

அரசு வாளாவிருந்தது என்றல் பொருந்தாது. 1978-இல் பனை தமிழ்நாட்டின் மரமாயிற்று. 2021-ஆம் ஆண்டின் வேளாண் வரவுசெலவுத் திட்டம் 76 இலக்கம் பனைவிதை வழங்குவதாக அறிவித்தது. ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிட்டிற்று. ஆயினும், இன்று ஊன்றிய விதை பதநீர் தரப் பத்தாண்டிற்கு மேலாகும்; விடிலிப் பெண்ணுக்கோ இன்றே விலை வேண்டும். குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். செய்தவளின் பங்கைத் தானே பெற்றுத் தாராது.

வேண்டுவன மூன்று. முன்பணத்தை வணிகரல்லாது கூட்டுறவே தருக. அதில் பெண்கள் தம் பெயராலேயே உறுப்பினராகுக. விலை வகுக்குங்கால் காய்ச்சும் கூலியைத் தனியே கணக்கிடுக. தமிழர் இல்லங்கள் போலியை மறுத்து, காய்ச்சும் குடிகளிடமே வாங்குக. அப்பொழுதுதான் ஊரில் விளைந்த பொருளின் வருவாய் ஊரிலேயே தங்கும். பிள்ளையின் படிப்பாகவும் கூரையாகவும் மாறும்.

பாளை, கலயம், பன்னாடை, விடிலி என்பன அகரமுதலியால் மட்டும் வாழும் சொற்களல்ல. தொழிலால் வாழும் சொற்கள். தொழில் மாயின் சொல்லும் மாயும். தமிழைக் காக்க எழுந்தோர், அச்சொற்களை நாள்தோறும் வழங்கிவரும் பெண்ணின் அடுப்பையும் காத்தல் கடன்!