கொடியும் பகிடியும்

(யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒரே வாங்கிலிருந்து பத்திரிகை படிக்கும் இடம் இது. இங்கு எழும் வாதங்களிற் பாதி பகிடியிலே தொடங்கிச் சண்டையிலே முடிவதை நீங்கள் அறிவீர்கள். அதிலும் ஒரு நாட்டின் கொடியைப் பற்றியோ கீதத்தைப் பற்றியோ போரைப் பற்றியோ பேச்சு எழுந்துவிட்டால் தேநீர் ஆறிவிடும், பேச்சுச் சூடேறிவிடும். ஒருவர் நகைப்பார். மற்றவர், தம் நாட்டையே நகைத்துவிட்டார் என்று கொள்வார். சிறிது நேரத்தில் 'துரோகி' என்ற சொல் வந்து விழும். அச்சொல் எவ்வழியாக வருகிறது, அது வந்தபின் எந்தப் பேச்சு நின்றுபோகிறது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். நம் நாட்டுக் கொடியைப் பற்றிய வழக்கு உங்களுக்குப் புதிதன்று. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். பிறர் வீட்டுச் சண்டையைப் பார்க்கும்போது நம் கண் சற்றுத் தெளிவாயிருக்கும் அல்லவா?

1914ஆம் ஆண்டு உலகப் போர் மூண்டபொழுது ஐரோப்பியரைப் பெயர் மாற்றும் வெறி பிடித்துக்கொண்டது. உருசியர், தம் தலைநகரின் பெயரில் ஜேர்மன் வாடை வீசுகிறதென்று சென் பீற்றர்ஸ்பேர்க்கைப் பெத்ரோகிராட் ஆக்கினர். கனடாவிலே, ஒன்ராறியோ மாகாணத்திலே, ஜேர்மன் குடியேற்றக்காரரின் நகரமொன்று பேர்லின் என்ற பெயரோடு இருந்தது; 1916இல் அது கிச்சனர் ஆயிற்று. 1917 யூலையில் பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் தாமே தம் குலப்பெயராகிய சாக்ஸ்-கோபேர்க்-கோதாவைக் களைந்துவிட்டு வின்சர் என்ற பெயரைப் புனைந்துகொண்டார். ஜேர்மன் சக்கரவர்த்தி வில்கெல்ம் அவருக்கு யார்? தந்தையின் தமக்கை மகன். நம் முறைப்படி சொன்னால் மச்சான்! செய்தி கேட்ட மச்சான், சேக்ஸ்பியர் இயற்றிய 'வின்சர் நகரத்துக் களிப்புமிகு மனைவியர்' என்னும் நாடகத்தை இனிச் 'சாக்ஸ்-கோபேர்க்-கோதாவின் களிப்புமிகு மனைவியர்' என்று அழைத்து, அதனைப் பார்க்கப் போவதாகச் சொன்னாராம். பகிடி நல்ல பகிடிதான். ஆனால் மச்சான்மார் இருவரும் தத்தம் அரண்மனையில் இருக்க, சேற்றுக் குழிகளிலே கிடந்து மடிந்தவர்கள் இரு நாட்டு உழவர் மக்களும் தொழிலாளர் மக்களும் ஆவர்.

1917 ஏப்ரிலில் அமெரிக்காவும் போரில் இறங்கிற்று. ஜேர்மனியர் விரும்பி உண்ணும் உணவொன்று உண்டு. கோவாவை நறுக்கி உப்பிட்டுப் புளிக்கவைப்பது. அதன் ஜேர்மன் பெயரை நாவால் உச்சரிப்பதும் பாவமென்று 'சுதந்திரக் கோவா' என்று வழங்கலாயினர். வைத்தியர்கள் இச்சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. ஜேர்மன் சின்னமுத்து என்ற நோயையும் 'சுதந்திரச் சின்னமுத்து' என்று சிலர் அழைத்தார்கள். பெயர் மாறியதனால் நோய் ஒருவரையும் விட்டுப் போகவில்லை.

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தார்கள். அதே தேசத்தில், இலினோய் மாநிலத்துக் கொலின்ஸ்வில் என்னும் ஊரில், றொபேட் பிறேகர் என்றொரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி இருந்தான். ஜேர்மனியிற் பிறந்தவன். அமெரிக்கக் கடற்படையிற் சேர விண்ணப்பித்து, உடற்குறை காரணமாகத் தள்ளப்பட்டவன். 1918 ஏப்ரில் மாதத்து ஓரிரவில் ஒரு கும்பல் அவனை வீட்டிலிருந்து இழுத்து வந்தது. வெறுங்காலுடன் தெருவிலே நடத்தியது. அமெரிக்கக் கொடியைப் போர்த்தியது. தேசபக்திப் பாடல்களைப் பாடு என்றது. கொடியை முத்தமிடு என்றது. அவன் பாடினான், முத்தமுமிட்டான். அதன் பின்னரும் ஊர்ப்புறத்து மரமொன்றிலே அவனைத் தூக்கிட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பதினொருவரையும் யூரர் சபை விடுதலை செய்தது.

கோவாவுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் கொலைகாரர் என்று நான் கூறவரவில்லை. அப்படிக் கூறினால் அநியாயம். ஆனால் 'இதுவும் ஜேர்மன், அதுவும் ஜேர்மன்' என்று கடைதோறும் சிரித்துப் பழகிய ஓர் ஊரிலே, ஒரு மனிதனைச் சுட்டி 'இவனும் ஜேர்மன்' என்று சொல்வதற்கு நா கூசுவதில்லை. நகைப்புக்கும் ஒரு நெறி உண்டு. பகிடிக்குள்ளானவன் திருப்பிப் பகிடி செய்ய இயலுமா என்று பாருங்கள். இயலுமாயின் அது நட்பு. இயலாதாயின், சிரிப்பவர்கள் எண்ணிக்கை கூடக் கூட அவனுக்கு ஆபத்தும் கூடும்.

அமெரிக்கர் இதனை ஓரளவு உணர்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கொடிக்கு வணக்கஞ் செய்தல் விக்கிரக வழிபாடு போன்றதென்று மறுப்பவர்கள். பாடசாலையிலே வணங்க மறுத்த அவர்களின் பிள்ளைகளை விலக்கியது செல்லும் என்று 1940இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை அடுத்து ஊரூராக அவர்கள் தாக்கப்பட்டார்கள். இதிலொரு வேடிக்கையும் இருந்தது. அக்காலத்து அமெரிக்கச் சிறுவர் கொடியை வணங்கிய முறை, வலக்கையை முன்னோக்கி நீட்டுவது. பார்ப்பதற்கு இட்லரின் படையினர் செய்யும் வணக்கம் போலவே இருக்கும்! போர் நடுவில், 1942 திசெம்பரில், அதைக் காங்கிரசு மாற்றி, கையை நெஞ்சில் வைக்கச் செய்தது. அடுத்த யூன் 14ஆந் திகதி, அதாவது அந்நாட்டின் கொடிநாளன்றே, நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே புரட்டி, எந்தப் பிள்ளையையும் கொடிக்கு வணங்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றது. பெரும் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் அவ்வாறு தீர்ப்பளிக்கத் துணிவு வேண்டும்.

இனி உருளைக்கிழங்கின் கதைக்கு வருகிறேன். இங்குள்ள கமக்காரர் பலர் அதைப் பயிரிடுபவர்கள். கூர்ந்து கேட்பார்கள் என நம்புகிறேன்.

2003ஆம் ஆண்டு ஈராக்கின்மீது படையெடுக்க அமெரிக்கா ஆயத்தமாயிற்று. பேரழிவு ஆயுதங்கள் அங்கே உண்டென்பது கூறப்பட்ட காரணம். பிரான்சு உடன்பட மறுத்தது. உடனே கோபம் பிரெஞ்சுக்காரர் மீது திரும்பிற்று. நீளமாக நறுக்கிப் பொரித்த கிழங்கை அங்கே பிரெஞ்சுப் பொரியல் என்பார்கள். வட கரோலைனாவிலே ஓர் உணவுக்கடைக்காரர் அதைச் 'சுதந்திரப் பொரியல்' என்று மாற்றினார். அத்தொகுதியின் பிரதிநிதி வால்ரர் ஜோன்ஸ் இதில் மகிழ்ந்து, தலைநகருக்கும் கொண்டு சென்றார். மார்ச்சு மாதத்தில், பிரதிநிதிகள் சபையின் உணவுச்சாலைகளில் அப்பெயர்ப் பலகை ஏறிற்று. பிரெஞ்சுத் தூதரகமோ, இது பாரதூரமான வேளை, கிழங்கின் பெயரைக் கவனிக்க நேரமில்லை என்ற கருத்துப்பட விடையளித்தது. அப்பண்டம் பெல்ஜியத்தில் தோன்றியதென்று வேறு சொல்லிவைத்தது. உலகெங்கும் நண்பர்கள் கூடுமிடமெல்லாம் இதுவே பேச்சு. ஒருவர் பொரியலைத் தின்று காட்டித் தேசபக்தர் ஆனார்; மற்றவர் அவரைக் கேலி செய்து அறிவாளி ஆனார். எத்தனை பேர் சாவார், ஆயுதம் இருப்பதற்குச் சான்று யாது, செலவை யார் இறுப்பார் என்ற கேள்விகளைக் கேட்டவர் இருந்தனர். 2002 ஒக்ரோபரில் பிரதிநிதிகள் சபையில் 133 பேர் எதிர்த்தே வாக்களித்தார்கள், ஆதரித்தோர் 296. ஆனாற் கிழங்குச் சிரிப்பில் அவர்கள் குரல் கேட்கவில்லை. அம்மாதமே போர் தொடங்கிற்று.

ஜோன்ஸ் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். அவர் தொகுதியில் பெரிய படைமுகாம் ஒன்று உண்டு. போர் தொடங்கிச் சில வாரங்களுள் அங்கு ஓர் இளம் படைவீரரின் இறுதிச் சடங்கிற்குச் சென்றார். விதவை, கணவன் எழுதிய கடைசிக் கடிதத்தை வாசித்தார். அன்றிலிருந்து இறந்தோர் குடும்பங்களுக்கு ஜோன்ஸ் கடிதம் எழுதத் தொடங்கினார், ஆயிரக்கணக்கில் எழுதினார். 2004இல் அமெரிக்க ஆய்வுக்குழுவே அவ்வாயுதக் குவியல்கள் அங்கில்லை என்று அறிக்கையிட்டது. 2005 யூனில், படைகளைத் திருப்பி அழைக்கக் காலவரையறை வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொணர்ந்தோருள் அவரும் ஒருவர். கட்சிக்குள்ளே பகை வந்தது; எதிர்த்துப் போட்டியிட ஆள் நிறுத்தினார்கள். தொகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. 2019இல் இறக்கும் வரை அவரே பிரதிநிதி. அவரைச் சிலர் வீரர் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கிழங்குக்குப் பெயரிட முந்தியவர், கணக்குக் கேட்கப் பிந்தியவர். ஆயினும் கேட்டார். கேளாமலே ஓய்வுபெற்றவர் பலர்.

அந்தப் போரில் மாண்ட அமெரிக்கப் படையினர் 4400க்கு மேல். ஈராக்கியப் பொதுமக்கள், குறைந்த கணக்கிலும், ஓர் இலட்சத்துக்கு மேல். சுதந்திரப் பொரியல் 2006 வரை விற்கப்பட்டது. பிறகு ஒருநாள், எவ்வித அறிவிப்புமின்றி, உணவுப் பட்டியலில் பழைய பெயர் திரும்ப வந்து அமர்ந்துகொண்டது. ஜோன்சின் அலுவலகத்துக்கு வெளியே, நடைவழிச் சுவரில், முகாமிலிருந்து சென்று இறந்தோரின் படங்களை அவர் ஒவ்வொன்றாக ஏற்றிவந்தார். உணவுச்சாலைக்குப் போகிறவர்களும் அத்தகைய நடைவழிகளாற்றான் போகவேண்டும்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்க விரும்புவோர் கேட்கலாம். பகிடியாகக் கேட்டாலும் விடையிறுக்கக் காத்திருக்கிறேன்.