நாலுக்கு ஒன்று

தோழர்களே, வங்கி வளர்ந்தால் நாடு வளரும் என்கிறார்கள். எங்கே வளர்ந்தது, யாருக்குக் கடன் கொடுத்தது என்று நாம் கேட்போம்.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. ஆனால் கிராமத்துக்கு வங்கியை இழுத்து வந்தது 1977-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறந்தாக வேண்டும். லாபக் கணக்கு பார்த்து எந்த வங்கியும் அங்கே போயிருக்காது. இந்த விரிவாக்கத்தால் கிராமப்புற வறுமை குறைந்தது, விவசாயம் அல்லாத தொழில்கள் வளர்ந்தன என்று பர்கெஸ், பாண்டே என்ற பொருளியலாளர்கள் 2005-இல் எழுதினார்கள். வாராக்கடனும் மிகுதி என்பதை அவர்கள் மறைக்கவில்லை. 1990-இல் விதி போனது. அடுத்த ஆண்டே நரசிம்மம் குழு, முன்னுரிமைக் கடனை 40 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கச் சொன்னது.

சரி, கிளை ஊருக்கு வந்தது. சேரிக்கு வந்ததா? மேலாளர் பட்டா கேட்பார், ஜாமீன் கேட்பார். நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே கடனும் போய்ச் சேர்ந்தது. நமக்கு மிஞ்சியது வட்டிக்காரர் வாசல்.

இதற்கும் ஒரு விதி உண்டு. 1972-இல் வந்த வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம். வட்டி 4 விழுக்காடு. வங்கிகள் முந்தைய ஆண்டு கொடுத்த கடனில் 1 விழுக்காட்டை இதற்கு ஒதுக்க வேண்டும். அதில் 40 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும். மாணவர்களே, உங்கள் மாவட்ட முன்னோடி வங்கிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். இத்திட்டத்தில் போன ஆண்டு எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை பேருக்கு என்று கேளுங்கள்.