கருங்கடற் போரும் காவிரிக் கழனியும்

(திருக்கடையூரில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறுபதாண்டு நிறைவு விழாக் கொண்டாட நம்மூருக்கு வெளியூரார் நாள்தோறும் வருகின்றனர். அவர்கட்குத் தலைவாழை இலையிட்டுச் சோறு படைக்கின்றோம். அச்சோறு எவ்வூர் விளைச்சல் என்று கேட்டால், 'எங்கள் காவிரி விளைத்தது' என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுவோம். சொல்லுவது பொய்யன்று; ஆனால் முழுமையுமன்று. அந்நெல்லுக்கிட்ட யூரியாவுக்குள் கத்தார் நாட்டு எரிவளி இருக்கலாம். பொட்டாசு, வெள்ளை உருசியம் என்னும் பெலாருசின் சுரங்கத்திலிருந்து வந்திருக்கலாம். மணிச்சத்து மொராக்கோவின் பாறையிலிருந்தோ யோர்தானின் பாறையிலிருந்தோ வந்திருக்கலாம். அங்கெல்லாம் வெடி வெடித்தால் இங்கே கழனி ஏன் வாடுகின்றது என்பதைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

கடல்வழி வணிகம் நமக்குப் புதியதன்று. இங்கிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் பூம்புகார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, ஈழத்து உணவும் காழகத்துப் பொருளும் அத்துறையில் வந்து குவிந்ததைக் கூறுகின்றது. காழகத்தைக் கடாரம் என்பர் உரைகாரர். ஆயினும் ஒரு வேறுபாட்டை உன்னுதல் வேண்டும். அன்று வந்தது நகரின் வளத்தைப் பெருக்கிய பொருள். அது வாராவிடினும் சோழநாட்டு உழவன் ஏர் பூட்டியிருப்பான். இன்று வருவதோ விளைச்சலுக்கே அடியான பொருள்.

தொலைவிடத்துப் போர் நம் உலையை அவித்த பழைய கதை ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பருமா. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலக்கம் தொன் அரிசி அங்கிருந்து வெளியேறிற்று. அதில் ஏறத்தாழப் பாதி இந்தியாவுக்கு வந்தது. அவ்வரிசியை விளைத்தவர் யார்? ஐராவதி ஆற்றின் கழிமுகக் காட்டைத் திருத்தக் கடன் கொடுத்தவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930-இல் நெல்விலை வீழ்ந்தபின் கடன் திரும்பாமையால், கீழ்ப்பருமாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் நான்கிலொரு பங்கு நிலம் அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. (அதனால் பருமியர் உள்ளத்திற் கனன்ற சினத்தையும் நாம் மறைத்தலாகாது.) கப்பலில் மூட்டை ஏற்றியவரும் ஆலையில் உழைத்தவரும் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமே.

1942 மார்ச்சு 8-ஆம் நாள் சப்பானியர் இரங்கூனுள் புகுந்தனர். அன்றோடு அரிசிக் கப்பல் நின்றது. இலக்கக்கணக்கானோர் மலையும் காடும் கடந்து நடந்தே திரும்பினர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். இங்கே சோழநாட்டில் நெல் இருந்தது. ஆனால் பருமா அரிசியை நம்பிய திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் மக்கள் மரவள்ளிக் கிழங்கால் வயிற்றைக் கழுவினர். தஞ்சைத் தரணியின் நெல்லை அரசு கொள்முதல் செய்து பற்றாக்குறைப் பகுதிகட்கு அனுப்பிற்று. பங்கீட்டு முறையும் வந்தது. வங்கத்திலோ 1943-இல் 30 இலக்கம் மக்கள் வரை மடிந்தனர். அதற்குப் பருமா அரிசி நின்றது மட்டுமே கரணியமன்று. புயலும், படகுகளைப் பறித்த ஆங்கிலேய ஆட்சியின் ஆணையும், பதுக்கலும் சேர்ந்தே கொன்றன. மலையாவில் தோட்டத் தமிழரின் நிலை இன்னும் கொடிது. அரிசியற்ற நாட்டில் அரைவயிறு உண்டு, சயாம் இருப்புப்பாதை வேலைக்கு இழுக்கப்பட்டு, பல்லாயிரவர் காட்டிலேயே புதைந்தனர். நாகைத் துறையிற் கப்பலேறியவர் எத்தனையோ பேர் மீளவில்லை; அக்குடும்பங்களின் வழிவந்தோர் இம்மாவட்டத்தில் இன்றும் உள்ளனர்.

1973-இல் இசுரேலுக்கும் அரபு நாடுகட்கும் போர் மூண்டது. சில திங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய் ஏறினால் உரமும் ஏறும். பசுமைப் புரட்சியின் குட்டைநெல்லுக்கு நாம் மாறி முடித்த வேளையில்தான் உரமூட்டைக்கு வரிசையில் நிற்கும் நிலை வந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022 பிப்பிரவரி 24-இல் உருசியா உக்கிரேன் மீது படையெடுத்தது. உலகச் சந்தைக்கு வரும் பொட்டாசில் ஏறத்தாழ 40 விழுக்காடு உருசியாவும் பெலாருசும் தருவன. பெலாருசுக்குக் கடற்கரை கிடையாது. அதன் பொட்டாசு இலித்துவேனியாவின் கிலைப்பேடாத் துறை வழியாகவே கப்பலேறி வந்தது. அவ்வழி அதே பிப்பிரவரியில் அடைபட்டது. எங்கோ வடகோடியில் ஒரு துறைமுகத்தின் கதவு சாத்தப்பட, இங்கே ஆயிரம் உருபா அளவிலிருந்த பொட்டாசு மூட்டை 1,700 உருபாவை எட்டியது. டி.ஏ.பி. மூட்டையை 1,350 உருபாவுக்கே உழவனுக்குத் தருவதற்காக, நடுவணரசு ஒரு மூட்டைக்கு ஈடுசெய்த 1,650 உருபாவை 2,501 உருபாவாக உயர்த்த நேர்ந்தது. விலை ஏறவில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் மூட்டை உரிய நாளில் கிடைத்ததா? சூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, நாற்றுப் பறித்து நடும்போது அடியுரம் வேண்டும். பதினைந்து இருபது நாளில் மேலுரம் வேண்டும். ஒரு திங்கள் கழித்து வரும் உரம் கழனிக்கன்று, கிடங்குக்கே பயன்படும். ஒரு மூட்டை யூரியா கேட்டால், வேண்டாத நுண்ணூட்டக் குப்பியொன்றையும் சேர்த்து வாங்கினால்தான் உண்டு என்னும் கடைக்காரரையும் நீங்கள் அறிவீர்கள்.

செலவின் வழி இது. வரவின் வழியைப் பாருங்கள். உக்கிரேனின் மக்காச்சோளம் உலகச் சந்தையிற் குறைந்ததும், கால்நடைத் தீனிக்கு நொய்யரிசியை வாங்கக் கூட்டம் கூடிற்று. 2022 செபுதம்பரில் நொய்யரிசி ஏற்றுமதிக்குத் தில்லி தடையிட்டது. 2023 சூலை 20-இல், மழை பொய்க்குமோ என்னும் அச்சமும் சேர, பாசுமதி அல்லாத வெள்ளரிசிக்கும் தடை வந்தது. அடுத்த திங்களில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி. வெள்ளரிசித் தடை 2024 செபுதம்பர் இறுதியில்தான் நீங்கிற்று. உலகில் உர விலை ஏறினால் அது நம் வரப்பு வரை வருகின்றது. அரிசி விலை ஏறினால் அது துறைமுகத்திலேயே நின்றுவிடுகின்றது. பங்கீட்டுக் கடை அரிசியை நம்பி வாழும் கூலித் தொழிலாளரும் இவ்வூரினரே; அவர்கள் உலையும் கொதிக்க வேண்டும். அதை மறுக்கவில்லை. ஆயின் அதன் சுமையை உழவன் தோளில் மட்டும் ஏற்றுவது முறையாகுமா?

'அப்படியானால் வெளிநாட்டு உரத்தையே இன்றோடு உதறிவிடுவோம்' என்று இளைஞர் சிலர் கொதிக்கின்றனர். அவ்வார்வத்தை மதிக்கின்றேன், அவ்வழியை ஏற்கேன். 2021-இல் இலங்கையரசு வேதியுர இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்திற்று. அதே ஆண்டு நவம்பரில் ஆணையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்துவிட்டது. பணமுடையும் போரால் ஏறிய விலையும் சேர்ந்து அத்தீவைப் பசியில் தள்ளின. தமிழ்நாட்டரசு 40,000 தொன் அரிசி அனுப்ப முடிவுசெய்து, 2022 மே 18-இல் முதற்கப்பலைச் சென்னையிலிருந்து விடுத்தது. பழகிய மண்ணை ஒரே நாளில் பட்டினி போட்டால் அது நம்மைப் பட்டினி போடும். காவிரிக்கரையிற் பிறந்த கோ. நம்மாழ்வாரும் காட்டிமேட்டு நெல் செயராமனும் ஊரூராய் நடந்து, ஒவ்வொரு வயலாகத்தான் மாற்றினர்.

முதலில் வைக்கோலைப் பற்றிச் சொல்லுகின்றேன். இதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசில் மிகப் பெரும்பகுதி மணியில் இல்லை, தாளில் இருக்கின்றது. அறுவடைப் பொறி ஓடியதும் வைக்கோலைக் கட்டுக்கட்டாய்ச் சுருட்டிச் சரக்குந்தில் ஏற்றி விற்றுவிடுகின்றோம். அன்று பையில் விழும் காசு நமக்குத் தெரிகின்றது. பெலாருசிலிருந்து வந்த பொட்டாசும் அவ்வண்டியிலேயே போவது தெரிவதில்லை. மாட்டுக்குப் போட்டுச் சாணமாய்த் திருப்புங்கள். மாடில்லாதவர் ஒரு பங்கையேனும் வயலிலேயே மடக்கி உழுங்கள்.

அடுத்து, சம்பா ஒன்றே பயிரிடும் நிலங்களில் ஆற்றுத் தண்ணீர் வந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். 40, 45 நாளில், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், சம்பா நடவுக்குள் மட்கிவிடும். யூரியாவை அறவே நிறுத்தச் சொல்லவில்லை, குறையுங்கள். சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கும் நம் பழைய வழக்கத்தைப் பொறி அறுவடை வந்தபின் பலர் விட்டுவிட்டனர். வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பயிர் அது. பொறி அறுக்கும் வயலில், அறுத்தபின் ஈரம் காயுமுன் விதைத்துக் கொள்ளலாம். தக்கைப்பூண்டு விதை கடைசி நேரத்தில் கிடைப்பதில்லை. ஊரில் நாலைந்து பேர் வரப்போரத்தில் ஒரு மூலையை ஒதுக்கி விதைக்கென்றே முற்றவிட்டால், அடுத்த ஆண்டுக்கு ஊருக்கு வேண்டிய விதை ஊரிலேயே இருக்கும். எவரெவர் இடம் தருவீர்கள் என்பதைக் கூட்டம் கலையுமுன் சொல்லுங்கள். பெயர்களை எழுதிக் கொள்ளுகின்றோம்.