மென்வில்லைப் பொருள்கள்: நீரும் ஆக்சிஜனும்

கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. கண் விழித்திருக்கும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தின் வழியாகப் பெறுகிறது. அதன்மேல் வில்லையைப் பொருத்தினால் அந்த வழி குறுகுகிறது. மென்வில்லைப் பொருள்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் குறுக்கத்தைத் தளர்த்த நடந்த முயற்சிதான்.

பிராகு நகரில் ஓட்டோ விக்டர்லேயும் ட்ரஹோஸ்லாவ் லிமும் உருவாக்கிய ஹெமா ஹைட்ரோஜெல் 1960இல் நேச்சர் இதழில் வெளியானது. 1961 கிறிஸ்துமஸ் நாள்களில் விக்டர்லே தம் வீட்டில், பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுப் பாகங்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு சுழல்வார்ப்புக் கருவி செய்து முதல் வில்லைகளை வார்த்தார். 1971இல் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் வில்லைக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. கடின வில்லை உறுத்தியது, இது உறுத்தவில்லை. ஆனால் இமைக்கும்போது கடின வில்லையின் அடியில் கண்ணீர் புகுந்து வெளியேறும். மென்வில்லையின் அடியில் அந்தப் பரிமாற்றம் மிகக் குறைவு. ஆகவே ஆக்சிஜன் பொருளின் ஊடாகவே வர வேண்டியதாயிற்று.

ஹைட்ரோஜெல்லில் ஆக்சிஜன் நீரில் கரைந்துதான் நகர்கிறது. 38 விழுக்காடு நீர் கொண்ட ஹெமாவின் ஊடுருவுதிறன், அதாவது டிகே எண், ஏறத்தாழ 8. நீர் 75 விழுக்காடானால் 33 அளவில். தூய நீருக்கே 80 என்பதால் இந்தப் பாதைக்கு உச்சவரம்பு உண்டு. நீர் மிகுந்த வில்லை எளிதில் கிழியும்; தடிமனாகச் செய்தால் பெற்ற பயனில் பாதி அங்கேயே போய்விடும். மெத்தாக்ரிலிக் அமிலம் சேர்த்து 58 விழுக்காடு நீர் ஏற்றிய எடாஃபில்கான் ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது. கண்ணீரின் லைசோசைம் புரதத்தை மிகுதியாக ஈர்க்கும். படிவு என்றாலே கேடு என எண்ணுவது அவசரம்: இங்கே படியும் லைசோசைமில் பெரும்பங்கு தன் இயல்பை இழப்பதில்லை.

1984இல் ஹோல்டனும் மெர்ட்ஸும் வகுத்த அளவுகோலின்படி, டிகேயைத் தடிமனால் வகுத்த கடத்துதிறன் பகலில் 24, உறக்கத்தில் 87 இருக்க வேண்டும். இரண்டாவது எண்ணை எந்த ஹைட்ரோஜெல்லும் எட்டவில்லை. சிலிக்கோன் ரப்பரில் ஆக்சிஜன் தாராளமாகச் செல்லும். ஆனால் அது நீரை ஏற்காது, கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே பாலிமரில் பிணைத்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல்கள் 1999இல் சந்தைக்கு வந்தன. லோட்ராஃபில்கான் ஏவில் நீர் 24 விழுக்காடு, டிகே 140. நீர் குறைய ஆக்சிஜன் கூடும் என்று கணக்கே தலைகீழானது.

அதற்கும் விலை இருந்தது. விறைப்பு மிகுந்ததால் சிலருக்கு மேலிமையின் உட்புறத்தில் குருணைகளும் கருவிழியின் மேல்விளிம்பில் பிறை வடிவக் காயமும் தோன்றின. நீரை வெறுக்கும் மேற்பரப்பைப் பிளாஸ்மாவால் பதப்படுத்த வேண்டியிருந்தது. கொழுப்பும் எளிதில் படிந்தது. பின்வந்த செனோஃபில்கான் ஏவில் ஈரமூட்டும் பிவிபி பொருளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. டெலிஃபில்கான் ஏவின் உட்பகுதியில் 33 விழுக்காடு நீர், மேற்பரப்பில் 80க்கும் மேல்.

ஆக்சிஜன் பெருகியதால் விழியோரச் சிவப்பும் புது இரத்தக் குழாய் வளர்ச்சியும் குறைந்தன. நோய்த்தொற்று குறையவில்லை. 2008இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இரவிலும் அணிவோரில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்குப் பழைய ஹைட்ரோஜெல்லில் சுமார் 20 பேருக்கும் சிலிக்கோன் வகையில் சுமார் 25 பேருக்கும் கருவிழி அழற்சி கண்டது. அணிந்தபடி உறங்குவதே முதன்மை ஆபத்து. பொருள் மாற்றம் அதற்கு மருந்தாகவில்லை.

பொருள்களை ஒப்பிடும்போது இன்னொன்றும் கருதத்தக்கது. நிறுவனங்கள் அறிவிக்கும் கடத்துதிறன் பொதுவாக −3.00 டயாப்டர் வில்லையின் மையத்துக்கு உரியது. கிட்டப்பார்வை கூடக் கூட வில்லையின் ஓரம் தடிக்கிறது. நேர்த்திறன் வில்லையில் மையமே தடிக்கிறது. குறைந்த திறனும் சில மணி நேர அணிதலும் போதுமானவருக்குத் தினசரி மாற்றும் ஹைட்ரோஜெல் இன்றும் தக்கதே. மறு எல்லையில், கண்புரை அகற்றப்பட்ட கைக்குழந்தைக்கு 20 டயாப்டருக்கும் மேற்பட்ட தடித்த வில்லை வேண்டும். அங்கே பெரியவர்களுக்கு ஒவ்வாதெனத் தள்ளப்பட்ட சிலிக்கோன் ரப்பர் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.